இன்றைய ஷோட்டோகான் பாணிக் கராத்தே யாருடையது: அப்பாவுடையதா, மகனுடையதா?

தெற்குவாசல்:
பெல்ட் விலை பற்றிய இழையில் ஒருவர், "1922-ல் ஃபுனகோஷி டோக்கியோவுக்குக் கொண்டுவந்ததைத்தான் இன்றும் அட்சரம் பிசகாமல் ஆடுகிறோம்" என்று எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அங்கே வேறு பேச்சு ஓடுவதால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

கிச்சின் ஃபுனகோஷி 1868-ல் ஒகினாவாவின் ஷூரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். அஸாத்தோ, இத்தோசு இருவரிடமும் கற்றவர். கல்வி அமைச்சின் கண்காட்சியில் செய்துகாட்ட டோக்கியோ போனபோது வயது 53. பிறகு ஜூடோவின் ஜிகோரோ கானோ தன் பயிற்சிக்கூடமான கோடோகானுக்கு அழைத்தார். மனிதர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

அவருடைய 1925 புத்தகப் படங்களைப் பாருங்கள். நிலைகள் எல்லாம் உயரம். அவருடைய கோகுட்சு-தாச்சி (பின்காலில் எடை வைக்கும் நிலை) ஏறக்குறைய பூனைக்கால் நிலை. ஹெயான் நிதான், யோந்தான் என்ற இரண்டு கட்டாக்களிலும் (கட்டா என்பது வரிசையாக அமைத்த தனிப்பயிற்சி அசைவுகள்) நாம் பக்கவாட்டில் உதைக்கும் இடத்தில் அவர் நேராக முன்னால் உதைக்கிறார். தலை உயரத்துக்குச் சுழற்றி உதைப்பது அங்கே கிடையாது. தாழ்ந்த நிலை, ஃபுடோ-தாச்சி என்ற நிலை, பக்க உதை, மவாஷி-கேரி என்ற சுழல் உதை எல்லாம் 1930களில் மூன்றாவது மகன் யோஷிதகா வழியாக நுழைந்தவை. அப்பா பெயர்ப்பலகை, சரக்கு மகனுடையது.

மக்கிவாரா_மணி:
"பெயர்ப்பலகை"ங்கிறது ரொம்ப ஓவர் சார்.

1934-ல் உதவியாளர் ஷிமோடா இறந்ததும் யோஷிதகாவை அந்த இடத்தில் உட்கார வைத்தது யாரு? அப்பாதான். மகன் சொல்லிக்கொடுத்தது அப்பாவோட டோஜோவில்தான் (பயிற்சிக்கூடம்), ரகசியமா எங்கேயோ இல்லை. வேண்டாம்னு நினைச்சிருந்தா ஒரு வார்த்தையில் நிறுத்தியிருப்பார்.

அதோட, மாத்துறது அவருக்கே பழக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் பொருந்தணும்னு கட்டாக்களை எளிமையாக்கினேன், காலம் மாறினா கலையும் மாறணும்னு அவரே எழுதி வச்சிருக்கார். பினான் (ஹெயானோட பழைய பேர்) வரிசையில் முதல் கட்டாவையும் இரண்டாவதையும் இடம் மாத்திப் போட்டவரும் அவர்தான். ஜூடோவில் இருந்த டான் என்ற தர வரிசை முறையைக் கராத்தேக்கு எடுத்துக்கிட்டு 1924 ஏப்ரலில் முதல் பிளாக் பெல்ட்களைக் கொடுத்தவரும் அவர்தான். இப்படிப்பட்டவரை மாற்றத்துக்கு எதிரி மாதிரி காட்டாதீங்க.

இன்னொண்ணு, அம்பது தாண்டின மனுஷன் நிக்கிற போட்டோவை அளவுகோலா வைக்கிறதும் சரியில்லை.

ஓரக்கண்:
மாற்றத்துக்கு எதிரி இல்லை, சரி. ஆனால் ஒரு மாற்றத்தை அவர் கடைசிவரை ஏற்கவே இல்லை: கட்டற்ற சண்டைப் பயிற்சி. 1920களின் பிற்பகுதியில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டா மட்டும் போதாது என்று பாதுகாப்புக் கவசம் மாட்டிக்கொண்டு மோத ஆரம்பித்தார்கள். செய்தி காதுக்கு எட்டியதும் அங்கே கற்பிப்பதையே விட்டுவிட்டார். பிறகு வாடோ-ரியூ என்ற தனிப் பாணியைத் தொடங்கிய ஓட்சுகாவோடு உறவு கசந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஃபுனகோஷி இறந்தது 1957 ஏப்ரல் 26. ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது அதே ஆண்டு, சில மாதங்கள் கழித்து. ஆக இன்றைய வகுப்புகளில் பாதி நேரத்தை விழுங்கும் போட்டிக் குமிதே (எதிராளியோடு மோதும் பயிற்சி) அப்பாவுடையதும் இல்லை, 1945-லேயே காசநோயில் போய்விட்ட மகனுடையதும் இல்லை. அது அந்தச் சங்கத்தின் தலைமைப் பயிற்சியாளர் நகயாமா காலத்துச் சரக்கு.

(கிளைக்கதை: ஒகினாவாக் கராத்தேக்காரர் மோட்டோபு சோகி ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரரை வீழ்த்தியதை 1925-ல் "கிங்" இதழ் எழுதியபோது, படத்தில் மோட்டோபுவுக்குப் பதில் ஃபுனகோஷி முகத்தை வரைந்துவிட்டார்கள். ஃபுனகோஷியின் சண்டைத் திறமையை ஏற்கெனவே கிண்டலடித்துக்கொண்டிருந்த மோட்டோபு எவ்வளவு கொதித்திருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.)

தெற்குவாசல்:
மணி, போட்டோ வேண்டாம் என்றால் கட்டாவையே எடுத்துக்கொள்வோம். தெக்கி ஷோதான்.

அதன் பழைய ஒகினாவா வடிவமான நைஹான்சியில் கால்களுக்கு இடையே அகலம் குறைவு, உடம்பு உயரம், விரல்கள் லேசாக உள்பக்கம் பார்க்கும். அதில் நமி-காயேஷி செய்யும்போது, அதாவது ஒரு பாதத்தை உள்பக்கமாக மேலே சுழற்றி அதே இடத்தில் இறக்கும்போது, எடை அதிகம் நகர வேண்டியதில்லை. தலை அசையாது, அடுத்த தடுப்பு உடனே வரும்.

இன்றைய அகலமான கிபா-தாச்சியில் (குதிரை நிலை) அதையே செய்யுங்கள். எடை 50-50. ஒரு காலைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் இடுப்பு மறுபக்கம் போயாக வேண்டும். மேலுடம்பு சாயும், பாதம் இறங்கும்போது தொப்பென்று விழும், தடுப்பு அரை நொடி பிந்தும். கிரேடிங்கில் மாஸ்டர் "ஆடாதே, ஆடாதே" என்று கத்துவது இதற்குத்தான். பிழை மாணவனுடையது இல்லை. குறுகிய நிலைக்காக அமைத்த அசைவை அகலமான நிலையில் வைத்துவிட்டோம். ஃபுனகோஷி மூன்று தெக்கிகளுக்கே பத்து வருடம் செலவழித்தவர். அவருக்கு இது தெரியாமல் போயிருக்காது.

மக்கிவாரா_மணி:
தெக்கி விஷயத்தில் நீங்க சொல்ற சாய்வு உண்மைதான். ஆனா அது அளவுக்கு மீறி அகலமா நிக்கிறதால வர்றது. தாழ்ந்த நிலை மேலேயே பழியைப் போடாதீங்க.

சென்குட்சு-தாச்சியைப் (முன்காலில் எடை வைக்கிற நிலை) பாருங்க. தோள் அகலம் விட்டு, முன்கால் முட்டி கால்விரலுக்கு நேர் மேலே வரணும், எடை முன்னால 60, பின்னால 40. நம்ம ஊர்ல பல பேர் போட்டோவுக்காக இதை இன்னும் ஒரு சாண் நீட்டுறாங்க. நீட்டினதும் கணுக்கால் மடிப்பு போதாம பின் குதிகால் தூக்கும். குதிகாலைக் கீழே வைக்கணும்னு பின் பாதத்தை வெளியே திருப்புவாங்க. பாதம் வெளியே போனா இடுப்பு நேராகாது, இடுப்பு நேராகலைன்னா குத்து வெறும் கை. முன்முட்டி உள்ளே சரிஞ்சா கேட்கவே வேண்டாம், சில வருஷத்தில் முட்டி வலின்னு வந்து நிப்பாங்க. இதுல யோஷிதகா என்ன பண்ணுவார்? தாழ்ந்து பழகினா கால் பலம், சண்டையில் தானா உயர்ந்துக்கலாம். அதுதான் கணக்கு.

நிஜமாவே தொலைஞ்சது எது தெரியுமா? எறிதல். 1935-ல் வந்த ஃபுனகோஷியோட கராத்தே-டோ கியோஹான் புத்தகத்தில் ஒன்பது எறிதல் இருக்கு: ப்யோபு-தாவோஷி, கோமா-நாகே, குபி-வா, தானி-ஓதோஷி, யாரி-தாமா இப்படி. இன்னிக்கு பிளாக் பெல்ட் கட்டினவங்களில் எத்தனை பேருக்கு இதில் மூணு தெரியும்? இது மகனால போகலை. பிடிச்சா நடுவர் "யாமே" (நிறுத்து) சொல்லிப் பிரிக்கிற போட்டியில் எறிதலுக்கு யாரு நேரம் செலவழிப்பாங்க?

ஓரக்கண்:
அப்படியென்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள். :)

மக்கிவாரா_மணி:
பாதி தூரம். அந்தப் புத்தகத்தில் இருந்த கட்டா 15: ஹெயான் அஞ்சு, தெக்கி மூணு, பஸ்ஸாய், கன்கு, என்பி, கன்காகு, ஜுத்தே, ஹன்கெட்சு, ஜியோன். இன்னிக்குச் சங்கத்துப் பாடத்திட்டத்தில் 26. மீதியும் பெரும்பாலும் ஒகினாவாவில் இருந்து வந்ததுதான், போட்டிக்காக உக்காந்து உருவாக்கினதில்லை. நகயாமாவே ஃபுனகோஷியிடம் நேரா படிச்ச மாணவர், டக்குஷோக்கு பல்கலைக்கழகத்தில் 1932-ல் சேர்ந்தவர்.

புதியவன்_77:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஃபுனகோஷி மக்கிவாராவை (குத்திப் பழகும் மரக்கம்பம்) விடாமல் குத்தியவர் என்று படித்தேன். வீட்டில் அமைக்க அளவு சொல்ல முடியுமா?

மக்கிவாரா_மணி:
சுமார் 7 அடி மரம். மூணில் ஒரு பங்கு மண்ணுக்குள்ள, சுத்திலும் கல் போட்டு இறுக்கணும். அடி தடிமனா இருக்கணும், மேலே போகப் போக இழைச்சு நுனியில் அரை அங்குலம். குத்துற இடம் உங்க நெஞ்சுக்குழி உயரம், அங்கே வைக்கோல் கயிறு சுத்தணும். நுனியை இழைக்காம விட்டா மரம் வளையாது; குத்தின அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பும். முதல் ரெண்டு விரல் கணு மட்டும்தான் படணும். சுவரில் பலகையை ஆணியடிச்சுக் குத்துறது மக்கிவாரா இல்லை.

தெற்குவாசல்:
மூலக் கேள்விக்கு வருவோம். ஃபுனகோஷி இறந்ததும் இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே ஜப்பான் கராத்தே சங்கமும் ஷோட்டோகாயும் பிரிந்தன. ஃபுனகோஷியின் மாணவர் எகாமி வழிவந்த ஷோட்டோகாய் அமைப்பு போட்டியைத் தொடவில்லை. "கராத்தேயில் முதல் அடி இல்லை" என்ற ஃபுனகோஷியின் வாக்கைப் பொறித்து காமகுராவின் எங்காகு-ஜி கோவிலில் 1968-ல் நினைவுக்கல் நாட்டியதும் அவர்களே. சண்டைப் போட்டி விஷயத்தில் கிழவருக்கு விசுவாசமாக இருந்தவர்கள். ஆனால் அவர்கள் நிற்கும் நிலை? சங்கத்துக்காரர்களைவிட இன்னும் தாழ்வு!

போட்டியே இல்லாத கூட்டமும் தாழ்ந்து நிற்கிறது, போட்டிக் கூட்டமும் தாழ்ந்து நிற்கிறது. 1957-க்குப் பிறகு நுழைந்ததாக இருந்தால் இரண்டு பக்கமும் எப்படி ஒன்றாக இருக்கும்? இரண்டு கிளைக்கும் பொதுவாக அதற்கு முன்னால் இருந்தது யோஷிதகாவின் பயிற்சிக்கூடம். ஓரக்கண், நீங்கள் நகயாமா தலையில் கட்டுவது குமிதேக்குப் பொருந்தும், நிலைக்குப் பொருந்தாது.

ஓரக்கண்:
நிலையை மகனிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் மணி சொன்ன ஒன்பது எறிதல்கள் ஷோட்டோகாயில் எத்தனை மிச்சம் என்று யாராவது எடுத்துப் போடுங்கள். போட்டி இல்லாத இடத்திலும் அவை காணாமல் போயிருந்தால், போட்டிதான் காரணம் என்ற மணியின் வாதம் நிற்காது.