புதுப்பிப்பு: முடிவிலாத் தொடர் கொஞ்சம் பிடிபட்டது

இரண்டாம் செமஸ்டர் கால்குலஸில் தொகையீடு (integration) ஓடுகிறது, எண்களை முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போகும் முடிவிலாத் தொடர்தான் மண்டையில் ஏறவில்லை என்று புலம்பியிருந்தேன் அல்லவா? வண்ணாரப்பேட்டை அண்ணன் ஒருவர் சொன்ன வழி பலித்தது: கூட்டல் ஒரு எண்ணில் அடங்குமா என்று பார்க்கும் சோதனைகளை மனப்பாடம் செய்யாதே, இரண்டு தொடர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்.

1 + 1/2 + 1/3 + 1/4 + … உறுப்புகள் சுருங்கினாலும் கூட்டல் எல்லையின்றி வளரும். 1/3, 1/4 சேர்ந்தாலே அரைக்கு மேல்; அடுத்த நான்கும் அப்படியே, அதற்கடுத்த எட்டும். கீழே உள்ள எண்களுக்கு வர்க்கம் போட்டால் (1 + 1/4 + 1/9 + …) அடங்கிவிடும்: பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, கணித மேதை ஆய்லர் கண்டது. (பை எங்கிருந்து வந்தது என்பது இன்னும் உறுத்துகிறது.) அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் எதை நெருங்குகிறது என்று பார்க்கும் விகிதச் சோதனையோ இரண்டுக்கும் 1 என்று சொல்லிக் கையை விரிக்கும். கூட்டலைத் தொகையீட்டோடு ஒப்பிடும் தொகையீட்டுச் சோதனைதான் அங்கே உதவும்.

அடுத்தது டெய்லர் தொடர், அதாவது ஒரு சார்பை (function) முடிவிலாத் தொடராக எழுதுவது. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்க, சேர்ந்து படிக்கலாம்.