பத்திரிகைச் சுதந்திரம் பத்திரிகைக்கு மட்டும்தானா? மறுப்புப் போடச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

கொய்யாவண்டி (கேள்வி):
எங்கப்பா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில ஆயக்குடி கொய்யா விக்கிறார். போன மாசம் ஒரு நாளிதழோட உள்ளூர்ப் பக்கத்துல அவர் வண்டி படம், பெரிசா. "ஆக்கிரமிப்புக் கடைகளால் பயணிகள் அவதி"ன்னு தலைப்பு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி வாங்கின அடையாள அட்டை அதே படத்துல வண்டிக் கம்பியில தொங்குது. நிருபர் அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. செய்தி முழுக்க "பொதுமக்கள் கூறுகின்றனர்", "சமூக ஆர்வலர்கள் வலியுறுத்தல்". நாங்க பொதுமக்கள் இல்லையா?

அவங்க ஃபேஸ்புக் பக்கத்துல அட்டையைப் போட்டோ எடுத்து கமென்ட் போட்டேன். கொஞ்ச நேரத்துல காணோம். மறுபடி போட்டேன், பிளாக். ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன், வரல. அதே வாரம் தலையங்கம் என்ன தெரியுமா? ஒரு நிருபரைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டதைக் கண்டிச்சு, கருத்துச் சுதந்திரத்தின் குரல்வளையை நெரிக்கிறாங்களாம். அந்த நிருபருக்காக எனக்கும் வருத்தம்தான், பொய் சொல்லல. ஆனா என் கமென்டை அழிச்ச கை யாரோடது?

இன்னொண்ணு. விடியக்காலையில அவங்க பார்சல் வேன் பாதி ரோட்டை அடைச்சு நின்னு பேப்பர் கட்டு இறக்குறது அப்பா வண்டிக்குப் பக்கத்துலதான். அதுக்கு ஒரு நாளும் படம் வந்ததில்ல. சட்டப்படி எங்களால ஏதாவது பண்ண முடியுமா?

பழைய டெஸ்க்:
அம்மா, நான் நாளிதழ் டெஸ்கில், அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் பிரிவில் இருந்து, ஓய்வு பெற்றவன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு விளம்பரம் விலகினால் உள்ளூர்ப் பக்கத்தில் ஓட்டை விழும். அதை அடைக்க நிருபர் கையில் எப்போதும் ரெண்டு அயிட்டம் ஸ்டாக் இருக்கும்: தெருநாய், ஆக்கிரமிப்பு. அதில் வரும் "பொதுமக்கள்" பல நேரம் நிருபரும் போட்டோகிராபரும்தான்.

"ஆசிரியருக்குக் கடிதம்" என்று அனுப்பினால் அது வாசகர் கடிதக் கட்டோடு போய்விடும். "மறுப்பு" என்று தலைப்பிடுங்கள். செய்தி வந்த தேதி, பக்கம், தலைப்பு, எது தவறு, அட்டை நகல். கோபத்தைக் குறைத்து ஒரே பக்கத்தில் முடியுங்கள். ஆசிரியர், வெளியிடுபவர் இருவர் பேருக்கும் ஸ்பீட் போஸ்ட். பேர்கள் பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சில். நாளிதழ் என்றால் செய்தி வந்து ரெண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். 1978 பிரஸ் கவுன்சில் சட்டப்படி கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும், அபராதம் போட முடியாது. ஆனாலும் கவுன்சில் கடிதம் வந்தால் ஆபீசில் எல்லோரும் ஃபைலைத் தேடுவார்கள். நானே தேடியிருக்கிறேன்.

கோர்ட்டு வாசல்:
வக்கீல். நேரா விஷயத்துக்கு வர்றேன். அரசியலமைப்பு 19(1)(ஏ) பிரிவுல "பத்திரிகை"ங்கிற வார்த்தையே கிடையாது. பேச்சுரிமை எல்லாக் குடிமக்களுக்கும்னுதான் இருக்கு. பத்திரிகைக்காரங்க கோர்ட்ல கேக்கிறதும் உங்கப்பாவுக்கு இருக்கிற அதே உரிமையைத்தான், தனியா ஒண்ணு இல்ல.

ஆனா அது அரசுக்கு எதிரான உரிமை. 1992 எல்.ஐ.சி. வழக்கைப் பாருங்க. பாலிசிதாரர்களுக்கு அநியாயம் நடக்குதுன்னு நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த மனுபாய் ஷா ஓர் ஆய்வு வெளியிட்டார். எல்.ஐ.சி. அதிகாரி 'தி இந்து'வுல மறுத்து எழுதினார், ஷாவோட பதிலையும் அந்தப் பத்திரிகை போட்டுச்சு. எல்.ஐ.சி. தன்னோட 'யோகக்ஷேமா' இதழ்ல அதிகாரி கட்டுரையை மட்டும் போட்டு, ஷா பதிலைப் போட மாட்டேன்னுச்சு. போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னதுக்குக் காரணம், அது மக்கள் பணத்துல நடக்கிற அரசு நிறுவனம். தனியார் நாளிதழை இந்தத் தீர்ப்பை வச்சு மடக்க முடியாது. அவதூறு வழக்கு உண்டு, ஆனா வருஷக்கணக்கா இழுக்கும். இங்க பேப்பர் பேரைப் போடாம எழுதினீங்க பாருங்க, அது நல்லது. அவங்களும் உங்களுக்கு நோட்டீஸ் விடலாம்.

எதிர்ப்பாட்டு:
தங்கச்சிக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா மறுப்புப் போட்டே ஆகணும்னு சட்டம் வந்தா முதல் பக்கம் முழுக்க மந்திரி மறுப்புதான் இருக்கும். புளோரிடாவுல தேர்தல் வேட்பாளர்களுக்காக அப்படி ஒரு சட்டம் இருந்துச்சு, 1974ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. நம்ம ஊர்ல 1987ல அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியரையே சட்டசபை ஜெயிலுக்கு அனுப்புச்சு. 2003 நவம்பர்ல 'தி இந்து'காரங்க அஞ்சு பேர், 'முரசொலி' ஆசிரியர், ஆறு பேருக்கும் 15 நாள் சிறைன்னு தீர்மானம் போட்டாங்க. உச்ச நீதிமன்றம் தடை போட்டுத்தான் தப்பிச்சாங்க. கமென்ட் அழிக்கிறது? அவங்க வீட்டுத் திண்ணை, யாரை உக்கார வைக்கிறதுங்கிறது அவங்க இஷ்டம்.

கொய்யாவண்டி:
மந்திரிக்கு மைக் இருக்கு அண்ணா, எங்கப்பாகிட்ட தராசுதான் இருக்கு. நான் அப்படிப் புதுச் சட்டம் கேக்கல. அந்த ஆறு பேருக்காகப் பேச வந்த ஜனங்கள்ல எங்கப்பா மாதிரி பேப்பர் வாங்கிப் படிக்கிற ஆளுங்களும் உண்டு. இப்ப அவர் பேச வந்தா திண்ணைங்கிறாங்க. அவங்க வீட்டுத் திண்ணைன்னா தலையங்கத்துல "மக்களின் குரல்"னு எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

டெஸ்க் ஐயா, ரொம்ப நன்றி. மறுப்பைத் தமிழ்லயே எழுதலாமா? கவுன்சிலுக்கும் தமிழ் போதுமா?

பழைய டெஸ்க்:
பத்திரிகைக்குத் தமிழிலேயே எழுதுங்கள். கவுன்சிலுக்குப் போகும்போது செய்தி நறுக்கோடு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், ஆசிரியருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் வைக்க வேண்டும். நறுக்கு இருக்கிறதா?

கொய்யாவண்டி:
அந்தப் பேப்பர்ல அப்பா கொய்யா பொட்டலம் கட்டி வித்துட்டார் ஐயா. டீக்கடை அண்ணன்கிட்ட பழைய கட்டு இருக்கு, நாளைக்குத் தேடுறேன். இங்கிலீஷுக்கு யாராவது உதவ முடியுமா?

கோர்ட்டு வாசல்:
படத்தை எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை பண்ணித் தர்றேன்.