பியூட் பிரபுவைப் பிரதமர் ஆக்கியது மழையா?

புரசைவாசி: “அன்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருந்தால் பியூட் பிரபு பிரதமரே ஆகியிருக்க மாட்டார்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் பியூட். 1713-ல் எடின்பரோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்து பட்டம் கைக்கு வந்தது. ஈட்டன் பள்ளியிலும் லெய்டன் பல்கலைக்கழகத்திலும் படிப்பு. ஸ்காட்லாந்தில் அடுத்தடுத்து அர்கைல் கோமகன்களாக இருந்த இரண்டு பேரும் தாய்மாமன்கள். இவருக்கு மழை எதற்கு?

எழுத்தாணி: எழுதியது நான்தான். “ஒருவர்” என்று சுற்றி வளைக்க வேண்டாம். 1747, இங்கிலாந்தில் எகம் ஊரின் குதிரைப் பந்தயம். மழை பிடித்துக்கொண்டது. பட்டத்து இளவரசர் பிரெடரிக்குடன் கூடாரத்தில் சீட்டாட ஒரு கை குறைந்தது. பியூட்டைக் கூப்பிட்டார்கள். பழக்கம் அங்கே ஆரம்பித்ததுதான். 1750-ல் அவருடைய அரண்மனையிலேயே பதவி. மழை இல்லாவிட்டால் சீட்டு இல்லை, சீட்டு இல்லாவிட்டால் பியூட் இல்லை.

புரசைவாசி: பிரெடரிக் 1751-லேயே இறந்துவிட்டார். உங்கள் மழை நட்பு நான்கு வருஷம்தான் இருந்தது. பியூட்டை உயர்த்தியது அவர் மகன் ஜார்ஜ். அப்பா இல்லாத பையனுக்குப் பாடம் சொல்லி, நம்பிக்கையைச் சம்பாதித்தார். “என் அருமை நண்பரே” என்றுதான் ஜார்ஜ் அவருக்குக் கடிதம் எழுதுவார். 1760 அக்டோபரில் ஜார்ஜ் அரசர். 1761 மார்ச்சில் பியூட் அமைச்சர். 1762 மே 26-ல் பிரதமர். இதில் எந்தத் தேதியில் மழை பெய்தது, சொல்லுங்கள்.

எழுத்தாணி: அந்த வீட்டு வாசலை மிதித்ததே மழையால்தானே! 1737-ல் ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் பிரதிநிதியாக மேலவைக்குப் போனார். அப்போதைய பிரதமர் வால்போலை எதிர்த்தார், 1741-ல் இடம் போயிற்று. சொந்தத் தீவில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுபடி மேலவைக்குள் நுழைந்தது 1761-ல். மாமன்கள் இருந்து என்ன பயன்? தம்பி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புரசைவாசி: தம்பி என்று கூப்பிட வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது. முன்பு இங்கே வால்போல் பற்றிப் பேசியபோதும் இதே வேலைதான் செய்தீர்கள். பதில் இல்லை என்றதும் தம்பி வந்துவிடுவான்.

குறிஞ்சி: ஆட்சியைப் பற்றியும் பேசலாமே. ஏழாண்டுப் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை 1763 பிப்ரவரியில் இவர் காலத்தில்தான். அப்புறம் ஆப்பிள் மதுவுக்கு வரி போட்டார், மக்கள் கொதித்தார்கள். அவர் பெயருக்குப் பூட்ஸையும், அரசர் ஜார்ஜின் தாய் அகஸ்டாவுக்குப் பாவாடையையும் தெருவில் எரித்தார்கள். மொத்தம் 317 நாள், 1763 ஏப்ரலில் விலகிவிட்டார்.

எழுத்தாணி: பூட்ஸை எரித்தார்கள் என்றால் பெயரை “பூட்” என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? தலைப்பே தப்பு. பெயரையே சரியாக எழுதாதவர் மழையைப் பற்றி வாதாட வந்துவிட்டார்.

புரசைவாசி: ஆங்கிலத்தில் பியூட்தான். ஓசை நெருக்கத்தை வைத்துச் செய்த கேலி அது. நீங்களும் முதல் பதிவில் பியூட் என்றுதானே எழுதினீர்கள்? சரி, பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசு மரம் இருக்கிறதே, அதன் தாவரவியல் பெயர் பூட்டியா மோனோஸ்பெர்மா. அந்தப் பூட்டியா இவர் பெயரால் வந்தது. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தை வளர்க்க அகஸ்டாவுக்குத் துணை நின்றவர் அவர். 1790-ல், 77 வயதில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹைகிளிஃப் பாறையில் செடி பறிக்கப் போய் விழுந்தார். அவ்வளவு ஊன்றிப் படித்த மனிதரைச் சீட்டாட்டக்காரர் ஆக்குவதுதான் என்னை எரிய வைக்கிறது.

குறிஞ்சி: புரசும் பலாசும் ஒன்றா?

புரசைவாசி: ஒன்றேதான்.

எழுத்தாணி: மரத்தைக் காட்டி மழையை மறைக்க முடியாது. செடி தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாம் பிரதமர் ஆனார்களா? கூடாரத்தில் இருந்தவர்தான் ஆனார்.

புரசைவாசி: அந்தக் கூடாரத்தில் அன்று இன்னும் சிலர் சீட்டாடினார்களே, அவர்கள் ஏன் ஆகவில்லை? மழை அவர்களுக்கும்தானே பெய்தது?

எழுத்தாணி: முதலில் மழை பெய்தது என்று ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்.

புரசைவாசி: மழை பெய்யவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? என் முதல் பதிவை மறுபடி படியுங்கள்.