அபோபிஸ் வருவது 13-ஆம் தேதியா, 14-ஆம் தேதியா?

வானோக்கி: "2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, அபோபிஸ் குறுங்கோள் விழும், உலகம் அழியும்" என்று தென்றல் நேற்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. விழாது. 2021-இல் ரேடாரில் அளந்த பிறகு, இன்னும் 100 ஆண்டுக்கு ஆபத்தில்லை என்று நாசா சொல்லிவிட்டது. தேதியும் தப்பு. நமக்கு அது 14, அதிகாலை 3.16.

தென்றல்: விழலாம் என்றுதான் சொன்னேன். 2004 டிசம்பரில் 2.7 சதவீத வாய்ப்பு என்று சொன்னது நானா? தேதி 13-தான். நாசாவே 13 என்கிறது.

வானோக்கி: அந்த 2.7, பழைய படங்களைத் தேடி எடுத்துப் பாதையைத் திருத்தியதும் சில நாளிலேயே போய்விட்டது. நாசா சொல்வது உலக நேரம், 13 இரவு 21.46. ஐந்தரை மணி கூட்டினால் 14.

மதுரைக்காரன்: தேதி கிடக்கட்டும். 32,000 கிமீ தூரத்தில் வருகிறதாம். நம் டிவி செயற்கைக்கோள்கள் 36,000-இல் நிற்கின்றன. அதற்கு என்ன பதில்?

வானோக்கி: அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வளையமாக நிற்கின்றன. அபோபிஸ் அந்தத் தளத்தைச் சாய்வாக, வளையத்துக்கு வெளியே கடக்கும். உரசாது. தேதி 14.

தென்றல்: ஐரோப்பாவில் வெறும் கண்ணால் பார்க்கப் போகிறவர்களுக்கு 13 இரவுதானே? அப்போ 13.

பூங்கோதை: 14 என்றால் தமிழ்ப் புத்தாண்டு விடியற்காலை! கனி பார்க்க எழுகிற நேரம்.

மதுரைக்காரன்: புத்தாண்டு தை 1. 2008-இல் சட்டமே வந்தது.

பூங்கோதை: 2011-இல் ரத்தானதை ஏன் விழுங்குகிறீர்கள்? பொங்கல் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மதுரைக்காரன்: சட்டம் போனால் தை போய்விடுமா?

வானோக்கி: அதை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருந்துகொண்டு எழுதுகிறோம், இந்திய நேரம்தான் கணக்கு. 14.

தென்றல்: 2025 செப்டம்பர் சந்திர கிரகணம் நினைவிருக்கிறதா? முழு மறைப்பு 7 இரவு 11 மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 8-இல் முடிந்தது. நீங்கள் 7 என்றுதான் எழுதினீர்கள். நான் 8-உம் உண்டு என்றதற்குப் பத்து பேர் முன்னால் "அடிப்படை தெரியாதவர்" என்றீர்கள். நான் மறக்கவில்லை.

வானோக்கி: அது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீடித்தது. இது மிக அருகில் வரும் ஒரே கணம். அந்தக் கணத்தில் இந்தியாவில் தேதி 14. இதை இன்னும் எத்தனை முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். 14.

தென்றல்: அப்படியென்றால் நாசாவுக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் மாற்றும்வரை 13.