மருத்துவர் எண்ணிக்கை: பதிவேடா, கணக்கெடுப்பா?

நலத்தரவு (கேள்வி):
ஒரு நாட்டின் மருத்துவர் எண்ணிக்கை குறித்து அறிக்கை தயாரித்து வருகிறேன். மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை, தொழிலாளர் கணக்கெடுப்பின் மதிப்பீட்டைவிட மிக அதிகமாக இருக்கிறது. 10,000 மக்களுக்கு எத்தனை மருத்துவர்கள் என்று கணக்கிட எதை எடுத்துக்கொள்வது முறையாகும்?

ஏட்டுக்கணக்கு:
பதிவேடு சொல்வது யாருக்கு உரிமம் உண்டு என்பதை மட்டுமே. அவர்கள் இன்று நோயாளிகளைப் பார்க்கிறார்களா என்பதை அது சொல்லாது. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் கூட்டமைப்பு) இதற்காகவே மருத்துவர்களை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளிப்பவர்கள் முதல் வட்டம்; நிர்வாகம், ஆராய்ச்சி போன்றவற்றில் இருப்பவர்களையும் சேர்த்தால் இரண்டாவது; ஓய்வு பெற்றவர்கள், வெளிநாடு சென்றவர்கள் உட்பட உரிமம் பெற்ற அனைவரும் மூன்றாவது. போர்ச்சுகல் மூன்றாவது எண்ணிக்கையையே அளித்துவந்ததால், அந்நாட்டின் விகிதம் உண்மையைவிட மிகுத்துக் காட்டப்படுகிறது என்று அவ்வமைப்பே தன் வெளியீடுகளில் எச்சரித்திருக்கிறது. உங்கள் பதிவேட்டில் பதிவைப் புதுப்பிக்கும் கட்டாயம் உண்டா, இறந்தவர்களின் பெயர்கள் நீக்கப்படுகின்றனவா, மாநிலவாரிப் பதிவேடுகளைக் கூட்டும்போது ஒருவரே இருமுறை எண்ணப்படுகிறாரா என்பவற்றை முதலில் விசாரியுங்கள்.

மாதிரிக்கூறு:
கணக்கெடுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இயலாது. மருத்துவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர் என்பதால், மாதிரியில் சிக்குபவர்கள் சிலரே. பிழை எல்லை விரிந்துவிடும். சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் 2008 பதிப்பில் மருத்துவர்களுக்கான குறியீடு 221. கணக்கெடுப்பு முடிவுகள் 22 என்ற இரண்டு இலக்க அளவில் மட்டும் வெளியிடப்பட்டிருந்தால், செவிலியர், பல் மருத்துவர், ஏன், கால்நடை மருத்துவர்கூட அதில் கலந்திருப்பர்!

நலத்தரவு:
என்னிடம் இருப்பது மூன்று இலக்கத் தரவு. அப்படியானால் இரண்டையும் அட்டவணையில் தரலாமா?

ஏட்டுக்கணக்கு:
தரலாம், ஆனால் எது எந்த வட்டத்தைச் சேர்ந்தது, எந்த ஆண்டுக்குரியது, பயிற்சி மருத்துவர்கள் அடங்குவார்களா என்பதை அட்டவணைக்கு அடியிலேயே எழுதிவிடுங்கள். ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடும்போது வரையறை மாறிய ஆண்டைக் கோடிட்டுக் காட்டாவிட்டால், வெறும் கணக்கு மாற்றம் மருத்துவர் பெருக்கமாகத் தோன்றிவிடும்.

பகுதிநேரம்:
இவை அனைத்தும் தலைக்கணக்குதான். வாரத்தில் இரண்டு நாள் பணியாற்றுபவரும் முழுநேரம் பணியாற்றுபவரும் அதில் ஒன்றே. பணிநேரத் தரவு கிடைத்தால் முழுநேரப் பணிக்கு இணையான எண்ணிக்கையையும் கணக்கிடுங்கள். மேலும், உலக சுகாதார நிறுவனம் 2016-இல் முன்வைத்த 10,000 பேருக்கு 44.5 என்ற அளவு, மருத்துவர், செவிலியர், மகப்பேற்றுப் பணியாளர் ஆகிய மூவகையினரையும் சேர்த்தது. மருத்துவர் விகிதத்தை மட்டும் அதனோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறை என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். உங்கள் அறிக்கை அந்த வரிசையில் சேர வேண்டாம்.