ஐம்பது அடிப் படகு: மாமா வீட்டுக் குழு

ரவி அண்ணன்: நாம் வாங்கப் பார்க்கும் மூன்று படகுகளின் படமும் மேலே போட்டிருக்கிறேன். பிரின்சஸ் எஃப்50, பிரெஸ்டீஜ் 520, கேலியான் 500 ஃப்ளை. மூன்றும் பழையவை, மூன்றிலும் மூன்று அறை, மேல்தளத்திலும் ஸ்டியரிங். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாலதி அண்ணி: பிரெஸ்டீஜில் பெரிய அறைக்கு மட்டும் தனிப் படிக்கட்டு! நீங்கள் எல்லாரும் ஹாலில் கத்திக்கொண்டிருக்கலாம், நான் தூங்குவேன்.

கவின்: அண்ணி, கேலியானைப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் மடிந்து திண்ணை மாதிரி கடல்மேல் இறங்குகிறது.

ரவி அண்ணன்: படகுகளைக் கட்டிவைக்கும் மரினாவில் பக்கத்துப் படகு ஒட்டி நிற்குமே தம்பி. நங்கூரம் போட்ட பிறகுதான் திறக்கலாம்.

கவின்: நாம் வாங்குவதே நங்கூரம் போடத்தானே 😄 எஞ்சினில் பிரின்சஸ்தான் மேல். அதில் வால்வோவின் ஐபிஎஸ் 800 உந்து அமைப்பு, பிரெஸ்டீஜில் ஐபிஎஸ் 600. ஒவ்வொரு எஞ்சினிலும் 200 குதிரைத்திறன் அதிகம்.

செல்வம் மாமா: அது குதிரைத்திறன் இல்லை. ஐபிஎஸ் 600-இல் இருப்பது 435 குதிரைத்திறன் டி6 எஞ்சின். 800-இல் 600 குதிரைத்திறன் டி8. ஷாஃப்ட், அதாவது எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் நேர்த் தண்டு, போட்டிருந்தால் இதே ஓட்டத்துக்கு எவ்வளவு சக்தி தேவைப்படுமோ, வால்வோ அந்த எண்ணைப் பெயராக வைத்திருக்கிறது.

ரவி அண்ணன்: மாமா வந்துவிட்டார். இனி நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

செல்வம் மாமா: கேலியானில் ஷாஃப்ட், மற்ற இரண்டிலும் ஐபிஎஸ். எனக்கு முதல் கேள்வி இதுதான், சோபா நிறமெல்லாம் அப்புறம். ஐபிஎஸ்ஸில் புரொப்பெல்லர் முன்பக்கம் பார்த்திருக்கும், படகைப் பின்னாலிருந்து தள்ளாமல் முன்னோக்கி இழுக்கும். டீசல் எண்ணெய் மிச்சம், சத்தம் குறைவு, ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் படகு பக்கவாட்டில் நகர்ந்து மரினாவில் நிற்கும். எஞ்சின் பின்னால் தள்ளி உட்காருவதால் அறைகளும் பெரிதாகும். ஆனால் அந்தப் பாட், அதாவது புரொப்பெல்லரைத் தாங்கும் கூடு, முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறது. நம் கடலில் சிப்பி எவ்வளவு வேகமாக ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும். சீல், ஆயில், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோட் எல்லாம் தவணை தவறாமல் மாற்ற வேண்டும், அதற்குப் படகை மேலே தூக்க வேண்டும். மிதக்கும் மரக்கட்டையில் பலமாக மோதினால் பாட் உடைந்து விழும். ஓட்டை விழாமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். படகு பிழைக்கும், உங்கள் பணப்பை பிழைக்காது.

கவின்: அப்போ ஷாஃப்ட்?

செல்வம் மாமா: பராமரிப்பு எளிது, எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும். நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ரவி அண்ணன்: பெரும்பாலும் சிங்கப்பூரின் தெற்குத் தீவுகள், லாசரஸ், செயின்ட் ஜான்ஸ். ஆண்டுக்கு ஒருமுறை மலேசியாவின் தியோமன் தீவு.

செல்வம் மாமா: சென்டோசா கோவ் மரினாவிலிருந்து லாசரஸ் கூப்பிடு தூரம். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் மெதுவாகப் போனாலும் அரை மணி ஆகாது, இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 20 லிட்டர் பக்கம் போதும். 22 நாட் வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 150 லிட்டர் போகும். தியோமன் 100 கடல் மைலுக்கு மேல், அந்த வேகத்தில் 700 லிட்டருக்குக் குறையாது. இந்த அளவுப் படகில் டேங்க் 1,300 லிட்டர் பக்கம்தான். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று பிரித்தால் அங்கே எண்ணெய் போடாமல் திரும்ப முடியாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அப்போது அந்தப் பக்கம் போகவே கூடாது.

மாலதி அண்ணி: ஆக நம் படகு ஆண்டு முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கும் 😅

செல்வம் மாமா: அதனால்தான் சொல்கிறேன், நமக்கு ஜெனரேட்டரும் ஏசியும் முக்கியம். இவை ஐரோப்பாவில் கட்டியவை. மத்தியதரைக்கடலுக்குக் கணக்குப் போட்ட ஏசி, 30 டிகிரி கடல்நீரை வைத்துக் குளிரவேண்டியிருக்கும். வெப்பமண்டலத்துக்கான பெரிய ஏசி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். தரகர் சாயங்காலம் கரை மின்சாரத்தில் குளுகுளுவென்று காட்டுவார். நண்பகலில், கரை வயரைக் கழற்றிவிட்டு, ஜெனரேட்டரில் மட்டும் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஆட்டம் குறைக்கும் கைரோ மூன்றையும் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். கைரோ வேகம் பிடிக்கவே அரை மணிக்கு மேல் ஆகும், முன்கூட்டியே போடச் சொல்லுங்கள்.

அம்மா: செல்வம், அந்த மாடிக்கு ஏணி மாதிரி இருக்கிறதே. நான் எப்படி ஏறுவேன்?

செல்வம் மாமா: அக்கா, நீங்கள் கீழேயே இருக்கலாம். அடுப்படி பின்கதவை ஒட்டி இருக்கிறது, கண்ணாடியைத் திறந்தால் மீன்குழம்பு வாசமும் நிற்காது.

அம்மா: நான் சமைக்க வருகிறேன் என்று யார் சொன்னது?

மாலதி அண்ணி: 👏👏👏

கவின்: மாமா, மேல்தளத்தில் கெட்டிக் கூரையா, துணியா?

செல்வம் மாமா: இந்த வெயிலுக்குக் கெட்டிக் கூரைதான். ஆனால் உயரத்தில் எடை கூடினால் ஆட்டமும் கூடும், ஃபெர்ரி அலை வந்தால் தெரியும். சுமத்ரா காற்று என்கிற திடீர்ச் சூறைக்காற்று அடித்தால் துணியை மடக்க நேரமும் இருக்காது.

ரவி அண்ணன்: சரி. செலவு?

செல்வம் மாமா: விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் போகும் என்பது படகுக்காரர்கள் கணக்கு. அந்தப் பணம் கையில் இல்லாவிட்டால் நாற்பது அடி பாருங்கள்.

மாலதி அண்ணி: என்னங்க, படித்தீர்களா?

ரவி அண்ணன்: படித்தேன் 😐 மாமா, உங்கள் வாக்கு எதற்கு?

செல்வம் மாமா: இப்போதைக்குக் கேலியான். ஆனால் அந்த மடியும் சுவர்களின் ஹைட்ராலிக்கை உப்பு தின்றிருந்தால் பிரெஸ்டீஜ். பிரின்சஸ் கட்டுமானம் அருமை, நம் தேவைக்கு எஞ்சின் அதிகம். எதுவானாலும் எஞ்சின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டேங்க் நிரம்பிய நிலையில் முழு த்ராட்டில் கொடுத்து, எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) வரவேண்டிய அளவுக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

ரவி அண்ணன்: அப்போ ஞாயிறு 12 மணி, கேலியான் முதலில். படகைச் சோதிக்கும் சர்வேயரை நான் கூப்பிடுகிறேன். கவின், தரகரிடம் ஜெனரேட்டர் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டு வை.

கவின்: கேட்டாயிற்று. "பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார்.

செல்வம் மாமா: பார்த்தபின் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.