கோடை வகுப்பா, ஊர்ப் பயணமா? சிறப்புப் பள்ளிப் பெற்றோரின் அனுபவங்கள்

எடிசன் அம்மா (ஏப்ரல்)

என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். வாய்ப்பேச்சு இல்லை. டேப்லெட்டில் படத்தை அழுத்தித்தான் வேண்டியதைக் கேட்பான். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் என்ற ஊரில். இங்கே ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமே கட்டணம் கட்டி அங்கே அனுப்புகிறது.

போன வாரம் அவன் பையில் பள்ளியின் வசந்த காலச் செய்தி மடல் இருந்தது. தோட்ட வேலை ஆரம்பம், மே மாதம் தடகள நாள், கடைசி வரியில் ஜூலை வகுப்புக்கான தேதிகள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. போன வருஷம் நடந்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் அம்மாக்கள் யாராவது படிக்க வேண்டும்.

போன வருஷ ஐ.இ.பி. (பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) மீட்டிங்கில் இ.எஸ்.ஒய். என்று ஒரு கட்டம் வந்தது. அந்த ஜூலை வகுப்புதான் அது. பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்கு வைக்கும் கோடை வகுப்பு என்று நினைத்துக்கொண்டேன். "நாங்க ஊருக்குப் போறோம், வேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த மேசையில் இருந்த ஒருவரும் அது என்னவென்று எனக்கு விளக்கவில்லை. ஜூன் கடைசியில் கிளம்பி ஒன்பது வாரம் மதுரையில் இருந்தோம்.

அப்பா அம்மா அவனைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தூக்கிக் கீழே விடவில்லை. அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினாலே பால் டம்ளர் கைக்கு வந்துவிடும். வாசலைப் பார்த்தால் தாத்தா செருப்பை மாட்டிவிட்டு வெளியே கூட்டிப் போவார். கேட்காமலே எல்லாம் கிடைக்கும் வீட்டில் பிள்ளை எதற்கு டேப்லெட்டை அழுத்த வேண்டும்? அது பீரோ மேல் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. கழிவறைப் பழக்கமும் அப்படித்தான் போனது. பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் டேப்லெட்டைத் தூக்கி எறிந்தான். இரண்டு வருஷம் டீச்சரும் நாங்களுமாகப் பாடுபட்டு விட வைத்த டயப்பர் திரும்ப வந்தது. பழைய இடத்துக்கு வரத் தீபாவளி தாண்டிவிட்டது.

இந்த வருஷம் மார்ச்சில் வகுப்பில் பீன்ஸ் விதை போட்டார்கள். ஈரமண் என்றால் இவனுக்கு ஆகாது, கை பட்டாலே அலறுவான். தொடு உணர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) டீச்சர் ஒருவர் இருக்கிறார். முதலில் ஒரு வாளி நிறையக் காய்ந்த பீன்ஸில் கையை விட வைத்தார். பிறகு காய்ந்த மண். பிறகு கரண்டியால் ஈரமண். விதை போட்டது கையால் இல்லை, கரண்டியால்தான். ஆனால் தினமும் தண்ணீர்க் குவளையைத் தூக்கியது அவன். முளை வந்த அன்று டீச்சரின் சட்டையைப் பிடித்து இழுத்து டேப்லெட்டில் "பார்" என்று அழுத்தியிருக்கிறான். அதுவரை "வேண்டும்", "போதும்", "ஜூஸ்" மட்டும்தான். தான் பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டுவதற்காக அவன் அழுத்திய முதல் சொல் அது. டீச்சர் அனுப்பிய குறிப்பைக் காரிலேயே உட்கார்ந்து நாலு தரம் படித்தேன்.

இந்தச் சொல்லையும் கோடையில் தொலைத்துவிடுவோமோ என்றுதான் பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் மீட்டிங். ஊரில் அப்பாவோ "டிக்கெட் போட்டாச்சா?" என்று தினம் கேட்கிறார். நீங்கள் என்ன செய்தீர்கள்?


பள்ளியில் பாராவாக வேலை பார்ப்பவர்

அக்கா, நான் பென்சில்வேனியாவில் ஒரு சிறப்புப் பள்ளியில் வகுப்பு உதவியாளர். எங்களை எல்லோரும் பாரா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே இருந்து பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இ.எஸ்.ஒய். என்றால் நீட்டிக்கப்பட்ட பள்ளி ஆண்டு. புதுப் பாடம் நடத்த வைத்ததில்லை. கற்றதை விடுமுறையில் இழந்து, திரும்பப் பிடிக்க ரொம்ப நாள் ஆகிற பிள்ளைக்குத்தான் முக்கியமாக இது. இங்கே பென்சில்வேனியாவில்தான் இதற்கான வழக்கே நடந்தது. வருஷத்துக்கு 180 நாளுக்கு மேல் யாருக்கும் வகுப்பு கிடையாது என்று மாநிலம் விதி வைத்திருந்தது. பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒவ்வொரு பிள்ளையின் தேவையையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிற சட்டம் 1975லேயே வந்துவிட்டது, எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பது அதற்கு ஒத்துவராது என்று 1979ல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கு நாடு முழுக்க விதி இருக்கிறது: பிள்ளைக்குத் தேவை என்று ஐ.இ.பி. குழு முடிவு செய்தால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். இன்ன குறைபாட்டுக்கு மட்டும்தான் என்று ஒதுக்கவும் கூடாது.

தேவையை எதை வைத்துக் காட்டுவது? நாங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னும் பின்னும், வசந்த விடுமுறைக்கு முன்னும் பின்னும் கணக்கு எடுப்போம். பத்துத் தடவையில் எத்தனை தடவை தானாகக் கேட்டான், விடுமுறை முடிந்து வந்ததும் எத்தனை, பழைய எண்ணுக்கு வர எத்தனை நாள் ஆனது என்று. மீட்டிங்கில் அந்தத் தாளைக் கேளுங்கள். செப்டம்பரில் நடந்ததைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் கையில் இருப்பது மிகப் பெரிய சான்று, அக்கா. நீங்கள் அதைத் தப்பு செய்த கதையாகச் சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. கோடையில் பெரும்பாலும் டீச்சர் வேறாக இருப்பார், சில இடத்தில் கட்டடமே வேறு. பஸ் வேறு, டிரைவர் வேறு. நம் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு மலை. பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எதற்குப் பயப்படுவான், எப்படிச் சமாதானமாவான், டேப்லெட்டில் எந்தப் பக்கம் முக்கியம். ஜூனிலேயே புது வகுப்பறையின் படம் கேட்டு வாங்கித் தினம் காட்டுங்கள்.

வசந்த காலம் வெளியே பார்க்கத்தான் பூவும் பச்சையுமாக இருக்கும். எங்களுக்கு ஏப்ரல் என்றால் கோட்டு யுத்தம். ஆறு மாதம் கனமான கோட்டின் அழுத்தத்தில் பழகிய பிள்ளை, வெயில் வந்தாலும் அதைக் கழற்றாது. அரைக்கை போட்டால் தோலே எரிகிற மாதிரி கத்தும் பிள்ளைகள் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முதல் வாரம் ஜிப்பைத் திறந்தோம், அடுத்த வாரம் ஒரு கை, அதற்கப்புறம் கோட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். மே மாதத் தடகள நாளில் அந்தப் பெண் கோட்டை என் கையில் கொடுத்துவிட்டு 50 மீட்டர் ஓடினாள். ஓட்டத்தில் கடைசி. கோடு தாண்டியதும் நேரே என்னிடம் வந்து கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அந்தத் தடகள நாள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளின் முறையில் நடப்பது. 8 வயதிலிருந்து போட்டியில் சேரலாம், அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தனி விளையாட்டுகள். இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1962ல் அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். அதில் வேர்விட்டு, 1968 ஜூலையில் சிகாகோ மைதானத்தில் முதல் போட்டிகள் நடந்தன. கோடையில் இந்தப் பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்ற கவலைதான் ஆரம்பம்.


டாலஸ் அப்பா

எனக்கு இரட்டைப் பையன்கள். ஒருவன் சாதாரணப் பள்ளி, ஒருவன் சிறப்புப் பள்ளி. டெக்சாஸில் மே கடைசியிலேயே பள்ளி மூடிவிடும். ஐ.இ.பி. மீட்டிங்கை இங்கே ஏ.ஆர்.டி. என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மாவட்டத்தில், "கோடையில் எல்லாருக்கும் மூணு வாரம்தான், ஸ்பீச் தெரபி கிடையாது" என்றார்கள். என் பையனுக்குப் பேச்சுதான் பிரச்சினையே. ஆத்திரப்பட்டுக் கத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி மறுநாள் அமைதியாக ஒரு மெயில் போட்டாள்: மறுப்பதாக இருந்தால், என்ன காரணத்துக்காக, எந்தத் தகவலை வைத்து மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். அப்படி எழுதிக் கொடுப்பது அவர்கள் சட்டப்படி செய்ய வேண்டியது. பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்பீச் சேர்ந்தது. வாரத்தையும் ஐந்தாக்கினார்கள்.

ஊருக்கு? அந்த வருஷம் போகவில்லை. மாமியார் இங்கே வந்தார். காலையில் பஸ் வரும்போது வாசலில் அவர்தான் நிற்பார். டிரைவர் அம்மாவுக்கு ஒரு நாள் சுடச்சுடப் பணியாரம் கொடுத்து, அதிலிருந்து இருவரும் சிநேகிதம்.


கடைசி வசந்தம்

எடிசன் அம்மா, உங்கள் மகனுக்கு 9 வயதுதான். என் மகளுக்கு 21 நடக்கிறது. டவுன் சிண்ட்ரோம். நியூ ஜெர்சியில் இதுதான் அவளுக்குப் பள்ளியின் கடைசி வருஷம்.

மார்ச் 21 அன்று பள்ளி முழுக்க ஜோடி சேராத சாக்ஸ் போட்டு வருவார்கள். அது உலக டவுன் சிண்ட்ரோம் நாள். இவர்களுக்கு 21ஆவது குரோமோசோம் மூன்று இருப்பதால் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி. இவள் ஒரு காலில் மஞ்சள், ஒரு காலில் கறுப்பு வெள்ளைக் கட்டம். மே மாதம் ப்ராம், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான நடன விருந்து. கவுன் வேண்டாம் என்று அவளே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பாவாடை தாவணி, மல்லிகை கிடைக்காததால் துணிப் பூ. அந்த நடன அறையில் விளக்கும் சத்தமும் குறைவாக வைத்திருந்தார்கள், களைத்தவர்கள் உட்கார ஓரமாக ஓர் அமைதி அறையும் இருந்தது. ஒரு பையன் இரவு முழுக்க அந்த அறையிலேயே இருந்தான். என் மகள் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே போய் அவனுக்குக் கேக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் மடலில் எல்லோருக்கும் ஜூலை தேதிகள் வந்தன. எங்களுக்கு வரவில்லை. இனி வயது வந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாநிலப் பிரிவோடுதான் பேச வேண்டும். அதற்கான விண்ணப்பத் தாள்களை அவளுடைய 18 வயதிலிருந்தே நான் ஆரம்பித்திருந்தேன், அதனால் தப்பித்தேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருப்பவர்கள் இதை எங்காவது குறித்து வையுங்கள்.


மயிலாப்பூர்ப் பாட்டி

பேத்தி சொல்லிக்கொடுத்து டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊரில் இருக்கும் பெரியவர்கள். "டிக்கெட் போட்டாச்சா" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள்தான்.

என் சின்னப் பேத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கலிபோர்னியாவில் கோடை வகுப்பு முடித்துவிட்டுத்தான் வருவார்கள், மூன்றே வாரம். ஆரம்பத்தில் எனக்கு வருத்தம். அப்புறம் மகள் சொல்லித்தான் அந்த வகுப்பு ஏன் முக்கியம் என்று புரிந்தது. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022ல் மரப்பாதை போட்டார்களே, மணலில் சக்கரம் புதையாமல் அலைப்பக்கம் வரை போகலாம். அதில் கூட்டிப் போனேன். முப்பது வருஷமாக நான் நடந்த கடற்கரை, அவள் முதல் தடவையாக அலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். திரும்ப மாட்டேன் என்று பிரேக்கைப் போட்டுக்கொண்டாள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

எடிசன் கண்ணு, உங்க அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லும்மா. எங்ககிட்ட யாரும் எதுவும் சொல்றதில்லை. என்ன செய்யணும்னு சொன்னா செய்ய மாட்டோமா?


எடிசன் அம்மா (செப்டம்பர்)

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் போனதற்கு மன்னியுங்கள். மீட்டிங்கில் பாரா தங்கை சொன்ன தாளைக் கேட்டேன். வசந்த விடுமுறை ஒரே வாரம்தான், அதற்கே அவன் பழைய எண்ணுக்கு வர பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ஜூலை முழுக்க வகுப்பு கிடைத்தது. முதல் நான்கு நாள் புது டீச்சரைப் பார்த்து அழுதான். ஐந்தாம் நாள் பஸ்ஸில் தானாக ஏறினான்.

ஆகஸ்டில் மூன்று வாரம் மதுரை. போவதற்கு முன் பாட்டியம்மா சொன்னபடி அப்பாவிடம் வீடியோ காலில் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் என்ன போயிற்று என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் அழுத்துற வரைக்கும் பாலைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே?" என்றார். அப்படியே நின்றார். அம்மாவுக்குத்தான் பொறுக்காது, அடுப்படியிலிருந்து முணுமுணுப்பார்.

படக் கார்டுகளை லேமினேட் செய்து கொண்டுபோனேன். கழிவறைக் கதவில், குளியலறையில், ஃப்ரிட்ஜில் அப்பாவே ஒட்டினார். டயப்பர் போடவில்லை. இரண்டு இரவு மட்டும் தவறியது. ஒன்று மட்டும் தொலைந்தது: ஆட்டோவில் மடியில் உட்கார்ந்தே பழகிவிட்டதால் இங்கே வந்ததும் சீட் பெல்ட்டுக்குப் பெரிய ரகளை. இன்னும் ஓயவில்லை.

"பார்" இருக்கிறது. மாட்டுவண்டி, கோபுரத்துப் புறா, பக்கத்து வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று தாத்தாவை நாள் முழுக்கப் பார்க்க வைத்தான்.

நேற்று அம்மா போனில் சொன்னார், கழிவறைக் கதவில் ஒட்டிய கார்டை அப்பா இன்னும் எடுக்கவிடவில்லையாம்.